ஏழு முளைக்குச்சியும் கன்னியப்பனின் நாக்கும்

கன்னியப்பன் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, கிணற்றுத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. பல் துலக்குவதுகூட அதற்கப்புறம்தான். முதலில் துலக்கிவிட்டால் பேஸ்ட்டின் இனிப்பு சாட்சியைக் கலைத்துவிடும் என்பது அவர் வாதம். கோயிலில் தீர்த்தம் வாங்கியவர் மாதிரி கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு, "இன்னிக்கு இல்ல" என்பார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கு உப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு ஏறாது என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

மூக்கை அவர் நம்புவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மர டிரம்முகளில் தோலையும் சாயத்தையும் போட்டுச் சுற்றவிடுகிற பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தவர் அவர். மூக்கு மூன்றாவது மாதமே ராஜினாமா கொடுத்துவிட்டது. மிச்ச வருஷங்களை உடம்பு மட்டும் தனியாகப் போய் முடித்துவிட்டு வந்தது.

நாக்கின்மேல் நம்பிக்கை வந்ததற்கும் கதை உண்டு. பாலாற்றங்கரையில் அவர் பிறந்த ஊரில் முதலில் டீ திரிந்தது. பால்காரரைச் சந்தேகப்பட்டு ஆளை மாற்றினார்கள். அப்புறம் பருப்பு வேகவில்லை. மளிகைக்கடைக்காரரோடு சண்டை போட்டார்கள். தென்னை மரம் காய்க்காமல் நின்றபோது கண்திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார்கள். ஊர் முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் யாரோ ஒருவர் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினார்; தோல் ஷாப்புக் கழிவு இறங்கி ஒரே உப்பு. கன்னியப்பன் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், சந்தேகப்படக் கூடாது என்பதில்லை. சீக்கிரமாகவும் சரியான ஆளையும் சந்தேகப்பட வேண்டும் என்பது.

அந்த உப்பிலிருந்து தப்பித்து, மனைவி பூவம்மாள் வழியாக வந்த ஒன்றரை ஏக்கர் கொல்லைக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆலங்காயத்துக்கு அந்தண்டை, மலையடிவாரம். கல்படி வைத்த கிணறு ஒன்று. கிணற்றுக்குப் பக்கத்தில் கானாறு. கானாறு என்றால் மலையில் மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் மணல். மணலையும் டிராக்டர்கள் கொண்டுபோன பிறகு அது வெறும் பள்ளம். உள்ளே இறங்கினால் வெளியே தலை தெரியாது. மழைத் தண்ணீர் அதில் புகுந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடிவிடும். இரண்டே நாள். கிணற்றிலோ பங்குனி வந்தால் பதினாறு படி வெளியே தெரியும். போன கோடையில் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுத்தது. இந்தக் கிணறும் போனால் இனி குடிபோக மனைவிக்கு வேறு பிறந்த ஊர் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் ஆவணி மாதம் வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு வந்தது. நீரோடை மீட்புப் பயிற்சி, மூன்று நாள், இயந்திரம் தேவையில்லை, கையும் கடப்பாரையும் போதும், பயிற்சி இலவசம், மதியச் சாப்பாடு உண்டு. பூவம்மாள் உடனே பேர் கொடுத்துவிட்டாள். கன்னியப்பன் இலவசம் என்ற இடத்திலேயே நின்றார். இந்தப் பக்கத்தில் இலவசமாக வந்தவர்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவர்கள், முடிவைச் சொல்ல வருவதாகச் சொல்லி வராதவர்கள், ரத்தம் எடுத்தவர்கள், போட்டோ எடுத்தவர்கள். அதில் சாப்பாடும் போட்டவர்கள் யாரும் இல்லை. ஆகவே இது பெரிய விஷயம்.

பயிற்சி கொடுக்க வந்தவள் நந்தினி, வேலூர்க்காரி, முப்பது வயசிருக்கும். லேப்டாப் இல்லை. பேனர் இல்லை. அது கன்னியப்பனுக்கு ரொம்ப உறுத்தியது. ஒழுங்கான திட்டம் என்றால் நாலு பேர் முகம் போட்ட பேனர் இருக்கும். முகமே காட்டாமல் வருகிறவர்களை என்னவென்று நினைப்பது? யாருடைய காசு என்று கேட்டார். நண்பர்கள் சேர்ந்து போடுகிறோம் என்றாள். தோஸ்துங்க காசு போட்டா சினிமாவுக்குப் போவாங்க, கானாத்துக்கு எதுக்கு வர்றாங்க என்று அவர் பூவம்மாளிடம் கேட்டார். பூவம்மாள் அவரைப் புங்கமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள்.

மரத்தடியிலிருந்து பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிந்தது. இரண்டு கொம்பைக் கூரை மாதிரி சேர்த்துக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதை நகர்த்தி நகர்த்தி மட்டம் பார்த்தார்கள். சர்வே. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். கண்டிப்பாக சர்வே. பிறகு நொச்சிக் கொம்பை முனை சீவி முளைக்குச்சியாக்கினார்கள். அதற்கு மேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ரோடு வந்தாலும் பைப் வந்தாலும் எஸ்டேட் வந்தாலும் இந்தப் பக்கத்துக்கு முதலில் வருவது முளைக்குச்சிதான்.

அணை கட்டப் போவதில்லை, தண்ணீருக்கு வேகத்தடை போடப் போகிறோம் என்று நந்தினி விளக்கினாள். வேகத்தடை என்றால் கன்னியப்பனுக்குத் தெரியும், ரோட்டில் யாராவது செத்த பிறகு போடுவது. பள்ளத்தின் குறுக்கே கல் அடுக்க வேண்டும், ஆனால் ஒரு கல் உயரத்துக்கு மேல் கூடாது. தண்ணீர் நிற்கக் கூடாது, தயங்கித் தயங்கிப் போக வேண்டும். போகிற வழியில் மண்ணை இறக்கிவிட்டுப் போகும், பள்ளம் தானாக மேடாகும், தண்ணீர் ஊற நேரம் கிடைக்கும் என்றாள். ஓட்டையோடு அணை கட்டுவதற்குப் பயிற்சி வேறு வேண்டுமா, காண்ட்ராக்டர்கள் பயிற்சி இல்லாமலே செய்கிறார்களே என்று கன்னியப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பூவம்மாளுக்கு மட்டும் அது கையோடு வந்தது. ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவள் அவள். ஒரு தோலை விரித்துப் போட்டால் எந்த அச்சை எங்கே வைத்தால் வீண் போகாது என்று கண் அளந்துவிடும். அதே கண்ணால் கற்குவியலைப் பார்த்து, இந்தச் சந்துக்கு அந்தக் கல் என்று எடுத்தாள். மற்றவர்கள் மூன்று கல் மாற்றுகிற இடத்தில் அவள் ஒரு கல்லோடு முடித்தாள். நந்தினி அவளை இரண்டு தடவை பாராட்டினாள். ஆளை மயக்க முதல் படி பாராட்டு என்பதையும் கன்னியப்பன் குறித்துக்கொண்டார்.

மாலையில் அவர்கள் அவருடைய கிணற்றுக்கு நேராகவே வந்துவிட்டார்கள். அங்கே கானாறு வளைகிறது. வளைவில் தண்ணீர் மோதிக் கரையைத் தின்கிறது என்று சொல்லி, கரையோரம் சாய்வாக ஏழு முளை அடித்து, நடுவில் உண்ணிச்செடிக் கிளைகளைப் பின்னினார்கள். ஏழையும் அடித்தவள் பூவம்மாள். கரையிலிருந்து கிணறு பதினோரு தப்படிதான் இருக்கிறது அண்ணா, பாத்துக்கங்க என்று நந்தினி சொன்னாள். என் கிணற்றுக்கு இத்தனை தப்படி என்று இவள் எதற்கு அளந்தாள் என்ற கேள்வியோடு கன்னியப்பன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மொபெட்டில் ஆபித் பாஷா வந்து இறங்கியதும் பதில் கிடைத்துவிட்டது.

ஆபித் பாஷா அதே தோல் ஷாப்பில் சாயப் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தவர். கன்னியப்பனுக்கு மேலதிகாரி. எந்த டிரம்மில் எத்தனை சாயம் என்பது முப்பது வருஷம் அவர் கையளவு. ஓய்வு பெற்று ஆம்பூரில் இருக்கிற மனிதர், இருபது கிலோமீட்டருக்கு மேல் மொபெட் ஓட்டிக்கொண்டு வந்து கானாற்றில் கல் அடுக்குகிறாரா? கன்னியப்பன் விசாரித்தார். தன்னிடம் சொன்ன காரணம், டாக்டர் நடக்கச் சொன்னாராம். பூவம்மாளிடம் சொன்னது, வீட்டில் இருந்தால் பேஜார். நந்தினியிடம் சொன்னது, சும்மா ஒரு ஆசை. ஒரு காரணம் சொல்கிறவனை நம்பலாம், இரண்டு சொல்கிறவனையும் போனால் போகிறது என்று விடலாம். மூன்று சொல்கிறவனிடம் நாலாவது ஒன்று இருக்கிறது. அந்த நாலாவது, தோல் ஷாப்பு. கழிவைக் கொண்டுவந்து விட இடம் பார்க்கிறார்கள், அதற்குத்தான் பள்ளத்தைத் தடுப்புத் தடுப்பாகக் கட்டுகிறார்கள் என்று கன்னியப்பன் தீர்மானித்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் நாக்கு காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். மோட்டார் போட அவர் கிணற்றடிக்குப் போனார். முந்தின ராத்திரி பெய்த மழையில் கானாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சைத் தட்டிவிட்டுத் திரும்பினார். கானாற்றுத் தண்ணீர் சிவப்பாக வந்தது.

மேலே நடந்தது இதுதான். தண்ணீர் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று காட்ட நந்தினி பொரியை அள்ளி மிதக்கவிட்டாள். பொரி போகிற வழி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். ஆபித் பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. எதையாவது தெரியவைக்க வேண்டும் என்றால் அதற்குச் சாயம் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. மச்சான் கல்யாண பிரியாணி ஆக்குகிறவர். அவருக்குக் கொடுக்க வாங்கிய கலர் பவுடர் மொபெட் பையில் இருந்தது. இன்னா பெரிய விஷயம் என்று எடுத்து, கையளவு பார்த்து, தண்ணீரில் கலக்கிவிட்டார். முப்பது வருஷக் கை. அளவு கொஞ்சமும் கம்மியாகவில்லை.

கீழே கன்னியப்பனுக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்த நிறம் மட்டும்தான். பள்ளத்தில் குதித்தார். குழாயை நிறுத்த வழியில்லாதவன் கையில் கிடைத்ததை நிறுத்துவான். அவர் கையில் கிடைத்தவை ஏழு முளைக்குச்சி. ஏழையும் பிடுங்கி, பின்னலை அறுத்து, கிணற்றடிச் சேற்றில் வீசினார். போனை எடுத்து, கொல்லைக்காரர்களின் குழுவுக்குக் குரல் செய்தி போட்டார்: ஆபித் பாஷா சாயத் தண்ணியை உட்டுட்டான், எல்லாரும் வாங்க.

கால் மணி நேரத்தில் பதினைந்து வண்டி வந்து நின்றது. பாதிப் பேர் கையில் கடப்பாரை. பயிற்சிக்காரர்களும் ஓடிவந்தார்கள். நந்தினி சொன்ன விளக்கத்தை யாரும் காதில் வாங்கவில்லை. ஆபித் பாஷா மட்டும் அவசரப்படவில்லை. சிவந்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கன்னியப்பன் முன்னால் வந்து நின்றார்.

"நான் சொன்னா நம்ப மாட்ட. உன் மீட்டர்ல வெச்சுப் பாரு."

"விஷத்த வாயில வெக்கச் சொல்றியா, பாய்?"

"விஷம்னா நாம ரெண்டு பேரும் எப்பவோ போயிருக்கணும், கன்னியப்பா. வை."

கன்னியப்பன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பதினைந்து வண்டிக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா வருது?" என்றார் ஆபித் பாஷா.

கன்னியப்பன் இன்னொரு தடவை விரலை நனைத்து வைத்துப் பார்த்தார். "ஏலக்கா."

பவுடரும் மசாலாவும் ஒரே பையில் கிடந்திருக்கின்றன. கடப்பாரையோடு வந்தவர்கள் மதியம் பிரியாணியா என்று விசாரித்தார்கள். சாம்பார் சாதம் என்று தெரிந்ததும் கலைந்து போனார்கள். பூவம்மாள் மட்டும் வெறுங்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏழும் நான் அடிச்சது" என்றாள். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவரிடம் அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் முளைகளைத் திரும்ப அடிக்க வந்தார்கள். கன்னியப்பன் விடவில்லை. சாயம் பிரியாணிச் சாயமாகவே இருக்கட்டும், முளைக்குச்சி முளைக்குச்சிதானே. வீட்டில் அன்றிலிருந்து குழம்பில் உப்பு இல்லை. உப்பு ஜாஸ்தி என்று வாழ்நாள் பூராவும் ஊர் உலகத்தின் மேல் புகார் சொன்ன மனிதர், உப்பு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

ஐப்பசியில் மலையில் பிடித்த மழை ஒரு பகல் முழுக்க விடவில்லை. வெள்ளம் வடிந்ததும் கன்னியப்பன் போய்ப் பார்த்தார். மேலே கல் அடுக்கிய நாலு இடமும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் புது மணல். அவருடைய வளைவில் மட்டும் கரையைக் காணோம். கிணற்றிலிருந்து தப்படி போட்டார். ஏழு. திரும்பவும் போட்டார், கொஞ்சம் குட்டையாக. அப்போதும் எட்டுக்கு மேல் வரவில்லை. கிணற்றின் கல்கட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. இன்னொரு மழை இதே மாதிரி வந்தால் கிணறு கானாற்றுக்குள் போகும்.

அப்போதும் அவர் தன்னைச் சந்தேகப்படவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. மேலே கல் அடுக்கியதால்தான் தண்ணீர் திரும்பித் தன் கரையில் மோதியது என்று ஒரு கணக்குப் போட்டார். நந்தினிக்குப் போன் செய்து, உன்னாலதாம்மா என் கரை போச்சு என்றார். அவள் மறுப்பாள், அதற்குச் சொல்ல வேண்டிய பதிலும் அவரிடம் தயாராக இருந்தது.

"இருக்கலாம் அண்ணா" என்றாள் நந்தினி. "நாளைக்கு வந்து பாக்கறேன்."

கன்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். பாலாற்றங்கரையில் உப்பு ஏறினபோது வந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள், பாட்டில்காரர்கள், மேசை போட்டு உட்கார்ந்தவர்கள், அத்தனை பேரும் வாய்ப்பே இல்லை என்றுதான் சொன்னார்கள். இருக்கலாம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இது ஒரு புது மாதிரி ஏமாற்று வேலையாக இருக்குமோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்தார். இருந்தாலும் மறுநாள் அவளோடு பள்ளத்தில் இறங்கி நடந்தார். மேலே இருந்த கல் வரிசை ஒன்று கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை அவளே காட்டினாள். முளைகள் இருந்திருந்தால் கரை தாங்கியிருக்குமா என்று கேட்டார். தாங்கியிருக்கும் என்று நினைப்பதாகவும், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

ஏழு போதாது என்று ஒன்பது முளை அவரே அடித்தார். அவர் செய்தால் அரைகுறையாகச் செய்வாரா? பின்னலைக் கூடை மாதிரி இறுக்கி, சந்தில் சேற்றை அப்பி, ஒரு சொட்டு போகாதபடி அடைத்தார். அடுத்த மழை சின்ன மழைதான். தண்ணீர் உள்ளே புக வழியில்லாமல் மேலே ஏறிக் குதித்து, அடியில் ஒரு குழி பறித்துவிட்டுப் போனது. டிரம்முக்கு மூடி போட்ட மாதிரி போட்டிருக்கிறாயே, அது டிரம்மு இல்லை, கானாறு என்று, பயிற்சி முடிந்தும் வாராவாரம் கல் அடுக்க வந்துகொண்டிருந்த ஆபித் பாஷா சிரித்தார். பூவம்மாள் பேச்சு வார்த்தை ஒன்றும் இல்லாமல் அரிவாளை எடுத்து வந்து பாதிப் பின்னலை உருவிப் போட்டாள். இடைவெளி விட்டு, கிளையின் நுனி தண்ணீர் போகும் பக்கம் பார்க்கும்படி திரும்பப் பின்னினாள். கன்னியப்பன் கிளை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஒன்பது முளையையும் அவரைவிட யாரும் கவனித்ததில்லை. ஒவ்வொன்றிலும் அரிவாளால் ஒரு வெட்டுக்குறி வைத்தார். மண் எதுவரை ஏறியது என்று தினமும் பார்த்தார். நோக்கம், நந்தினியின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பது. கார்த்திகை முடிய ஒரு சாண் மண் ஏறியது. மார்கழியில் முளைகள் துளிர்த்தன. துளிர்விட்ட முளைக்குச்சியோடு எந்த சர்வேயரும் வேலை பார்க்க முடியாது என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர் பிடுங்கி வீசிய ஏழில் ஒன்று கிணற்றடிச் சேற்றிலேயே வேர்விட்டு நின்றது. அதைப் பிடுங்கலாமா என்று இரண்டு தடவை பக்கத்தில் போய்விட்டுத் திரும்பினார்.

பங்குனியில் கிணற்றுப்படியை எண்ணினார். பன்னிரண்டுதான் வெளியே தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவருக்குக் கலக்கம் ஜாஸ்தியானது. நாலு படித் தண்ணீர் புதுசாக வந்திருக்கிறது என்றால் எங்கிருந்து வந்தது, கூட எதைக் கொண்டுவந்தது? காலையில் ஒரு தடவை வைத்துப் பார்த்த நாக்கில் சாயங்காலமும் வைத்துப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆபித் பாஷா மொபெட்டில் வந்தார். பின்னால் காலி கேன் ஒன்று கட்டியிருந்தது. கல் வரிசைகளைப் பார்த்தார், முளைகளைப் பார்த்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். கன்னியப்பன் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபித் பாஷா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"எங்க ஊட்டுக் கெணத்துல டீ திரியுது, கன்னியப்பா. கேன் தண்ணில போட்டா டீ மாதிரியே இல்ல. ஒரு கேன் புடிச்சுக்கட்டுமா?"

கன்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆவணியிலிருந்து அவரைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்த நாலாவது காரணம் இருபது லிட்டர் கேனாக எதிரில் நின்றது. முப்பது வருஷம் சாயம் கலக்கியவர், நல்ல தண்ணீரில் ஒரு டீ குடிப்பதற்காக இருபது கிலோமீட்டர் வந்து, வேறொருவன் கிணற்றைக் காப்பாற்ற ஏழு மாசம் கல் சுமந்திருக்கிறார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் கன்னியப்பன். "காரணம் இல்லாம நீ வர மாட்டன்னு."

பன்னிரண்டு படி இறங்கி அவரே கேனை நிரப்பினார். மூடி போடும் முன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி நின்றார். ஆபித் பாஷா மேலே கரையில் கைகட்டிக் காத்திருந்தார்.

"இன்னிக்கு இல்ல" என்று சொல்லி, கன்னியப்பன் மூடியை இறுக்கினார்.